முன்சீட்டு

முன்சீட்டில் யார் உட்காருவது என்பதெல்லாம் ஒரு விஷயமா என்று சுகிர்தா தன்னையே கேட்டுக்கொள்வது காலையிலிருந்து இது ஏழாவது தடவை. ஏழு தடவையும் இல்லை, இல்லவே இல்லை என்றுதான் பதில் வந்தது. அப்புறம் எட்டாவது தடவை ஏன் கேட்கத் தோன்றுகிறது என்பதற்குத்தான் பதில் இல்லை. அந்தச் சின்னச் சிவப்புக் காரின் பின்சீட்டில், நட்டநடுவில், இந்தப் பக்கம் சாப்பாட்டுப் பையும் அந்தப் பக்கம் மூன்று மழைக்கோட்டுகளுமாக, கால் இரண்டையும் நடு மேட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஓரமாக உட்காரலாம், சௌகரியமாகத்தான் இருக்கும், கடல்கூட முழுசாகத் தெரியும், ஆனால் ஓரத்தில் உட்கார்ந்தால் முன்னால் பேசுவது காதில் விழாது. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவள் வினோலியா. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஒரே அறை, அப்புறம் ஒரு வருஷம் ஒரே ஸ்கூட்டர், கடைசியில் வினோலியா அயர்லாந்துக்குப் படிக்க வந்ததால்தான் சுகிர்தாவும் வந்தாள், வேறு எந்தக் காரணமும் இல்லை, விண்ணப்பத்தில் மட்டும் ஒரு பக்கத்துக்கு வேறு காரணங்கள் எழுதியிருந்தாள். வினோலியா படித்து முடித்து இப்போது டிராலி ஊரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள், சுகிர்தா இரண்டு மணி நேரம் தள்ளி லிமெரிக்கில் சமூகவியல் எம்.ஏ. ஆய்வை முடித்துக்கொண்டிருக்கிறாள். முன்சீட்டில் இருந்தவள் கோகிலவாணி. அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஈரோட்டுக்காரி, முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆனவள், புருஷனுக்கு இன்னும் விசா வராதவள். வினோலியாவுக்கு அவளைத் தெரிந்து எட்டு மாதம். எட்டு மாதம்! ஆறு வருஷத்தை எட்டு மாதம் தள்ளிவிட்டு முன்சீட்டில் ஏறி பெல்ட்டும் போட்டுக்கொள்கிறது என்றால் இதில் ஏதோ அடிப்படை நியாயம் பிசகியிருக்கிறது, நடுவர் அவர்களே. கல்லூரி மேடைகளில் இந்த ‘நடுவர் அவர்களே’வைச் சொல்லிச் சொல்லியே அவள் மூன்று கேடயம் வாங்கியிருக்கிறாள், இப்போது மண்டைக்குள் அதைக் கேட்க நடுவரும் இல்லை, எதிரணியும் இல்லை, எதிரணி முன்னால் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது. உரித்த சுளையை ஓட்டுகிறவளின் வாயில் நேராகக் கொடுத்தது. அடுத்த சுளையைப் பின்னால் நீட்டி, “சுகிர்தா, நீங்களும் ஒண்ணு சாப்புடுங்க” என்றது. “வேண்டாங்க்கா, புளிக்கும்.” “அட இல்லீங்க, சக்கரையாட்டம் இருக்குது.” வேண்டாம் என்றால் வேண்டாம்தானே. பாளையங்கோட்டையில் இருந்த நாட்களில், திருச்செந்தூர் போகிற பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து நிற்பதற்கு முன்பே வினோலியா அதன் கூடவே ஓடி ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பாள், கைக்குட்டை இல்லாத நாளில் ரெக்கார்டு நோட்டு, ஒருநாள் ஒரு செருப்பைக்கூடப் போட்டாள், அந்தச் செருப்பின் மேல் ஒரு பெரிய மனுஷர் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றதும் சுகிர்தா பாதி வழி வரைக்கும் அவரிடம் நியாயம் கேட்டுக்கொண்டே போனாள். இடம் பிடிப்பது வினோ, இடத்துக்காகச் சண்டை போடுவது சுகி. அப்படி ஒரு ஏற்பாடு. இன்று காலையில் கார்க் கதவு திறந்திருந்தபோது வினோவிடம் கைக்குட்டை இல்லை.

கைக்குட்டை போட்டிருந்தாலும் எடுத்துக் கொடுத்திருப்பாள் அந்த அக்கா, அதுதான் எரிச்சல். காலையிலேயே, “நீங்க முன்னால உக்காந்துக்கங்க சுகிர்தா, நீங்கதான் ஊரு பாக்க வந்திருக்கறீங்க” என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயித்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். “பரவால்லக்கா, நான் பின்னாடியே இருந்துக்கிடுதேன்” என்று சொன்னது சுகிர்தாதான், அதைச் சொன்ன வாயையே இரண்டு அறை அறையலாம் போலிருந்தது அடுத்த நிமிஷமே. ஆனால் விட்டுக் கொடுக்கிற மாதிரி நடிக்கிறவர்களிடம் போய்ப் பல்லைக் காட்டி உட்கார முடியுமா, அதுவும் அந்தச் செய்தியைப் பார்த்த பிறகு? நேற்று சாயங்காலம் பஸ்ஸில் டிராலிக்கு வந்து வினோலியாவின் அறைத் தரையில் மெத்தை விரித்துப் படுத்தவள், காலையில் ஏழு மணிக்கு, தலைமாட்டில் சார்ஜில் கிடந்த வினோலியாவின் போன் வெளிச்சம் போட்டதும் கண்ணைத் திறந்தாள். படிக்க வேண்டும் என்று படிக்கவில்லை. கண் முன்னால் தமிழ் எழுத்து வந்தால் கண் படிக்கத்தான் செய்யும். ‘கோகி’ என்று பேர். கோகியாம். ‘வீட்டு விஷயத்த சுகிர்தாகிட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா...’ அதோடு மூன்று புள்ளி, அதற்குள் திரை அணைந்துவிட்டது. அந்த மூன்று புள்ளியிலேதான் காலையிலிருந்து இவள் குடியிருக்கிறாள். நான் சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க. நான் சொன்னா சண்டைக்கு வருவாங்க. நான் சொன்னா நல்லா இருக்காது. எதைப் போட்டு நிரப்பினாலும் பொருந்தியது. வீட்டு விஷயம் என்ன என்பது அவளுக்குத் தெரியும். டிராலியில் பேக்கரிக்கு மேலே இரண்டு படுக்கையறை வீடு ஒன்று, இந்த நாட்டில் வீடு கிடைப்பது என்பது வைகாசியில் தாமிரபரணி வெள்ளம் வருவது மாதிரி, அது வினோலியாவுக்குக் கிடைத்திருக்கிறது, இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் இரண்டாவது ஆள் யார் என்று வீட்டுக்காரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். சுகிர்தா லிமெரிக்கில் இருக்கும் வீட்டை விற்கிறார்கள், இந்த மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும், இருபத்தெட்டு வீட்டுக்கு எழுதிப் போட்டு ஒரு பதில்கூட வரவில்லை. இதெல்லாம் வினோலியாவுக்கும் தெரியும். தெரிந்தும் மூன்று வாரமாக ஒரு வார்த்தை ‘நீ வந்துரேன் சுகி’ என்று சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? கேட்டுக் கிடைப்பதற்குப் பேர் இடம் பிடித்துக் கொடுப்பதா? அவளுடைய ஆய்வின் தலைப்பே வாடகைக்குக் குடியிருப்பவர்களின் உரிமைகள் என்பதை நினைத்தபோது சிரிப்பு வந்தது, வாயை மூடிக்கொண்டாள், சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாய் என்று வினோ கண்ணாடியில் பார்ப்பாள். பார்த்தாள். முன்கண்ணாடிக்கு மேலே தொங்கிய அந்த நீளச் சதுரத்துக்குள் வினோலியாவின் இரண்டு கண் மட்டும், புருவத்தோடு, ஒரு நொடி வந்து நின்றது. சுகிர்தா முகத்தைத் திருப்பி மழைக்கோட்டைப் பார்த்தாள்.

அது மட்டுமா, அவள் இன்னொன்றும் செய்திருந்தாள். டிங்கிள் ஊரை விட்டு வெளியே வருகிற ரவுண்டானாவில் கோகிலவாணி போனை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, “வலது பக்கம் போயிருலாம் வினோ, எப்படிப் போனாலும் சுத்தித்தான வரப் போறோம்” என்றாள். எப்படிப் போனாலும் அல்ல. கடலுக்குள் நீண்டு கிடக்கும் இந்த நில முனையைச் சுற்றிவரும் ரோட்டில் கடிகார முள் போகிற பக்கமாகத்தான் போக வேண்டும், டூரிஸ்ட் பஸ்கள் எல்லாம் அப்படித்தான் வரும், எதிர்த்துப் போனால் மலைக்கும் கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள் என்று நேற்று பஸ்ஸில் வரும்போது சுகிர்தா படித்திருந்தாள், இரண்டு இடத்தில் படித்திருந்தாள். வாய் வரைக்கும் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விழுங்கினாள். போகட்டும். வழி சொல்கிற வேலை யாருக்குக் கொடுத்திருக்கிறதோ அவர்கள் சொல்லட்டும். ஒரு பஸ் வரட்டும், அப்போது தெரியும் யாரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறோம் என்று. அப்படி நினைத்ததும் பயமாகவும் இருந்தது, ருசியாகவும் இருந்தது. ஒரு மணி நேரமாக ஒரு பஸ்ஸும் வரவில்லை. கல்லடுக்கிச் சுவர்கள், சுவருக்கு மேலே சிவப்பாகச் சின்னச் சின்ன ஜிமிக்கி தொங்குகிற மாதிரி பூத்த வேலிச் செடி, முதுகில் நீலச் சாயம் அடித்த ஆடுகள், திரும்பினால் கடல், திரும்பினால் கடல் இல்லை, சன்னல் இடுக்கில் உப்பும் சாணியும் கலந்த ஒரு காற்று. எதிரே எப்போதாவது ஒரு கார் வந்தால் அதை ஓட்டுகிறவர், கிழவரோ பால்வண்டிக்காரரோ, ஸ்டீரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவார். வினோலியாவும் ஒரு விரலைத் தூக்குவாள். “கோகிதான் சொல்லிக் குடுத்தா, கும்பிடு மாதிரி, செய்யலேன்னா கோவிச்சுக்கிடுவாங்களாம்” என்று பின்னால் திரும்பாமலே சொன்னாள். வளைவில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்ததும் கோகி. மூன்று வாரம் முன்பு லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போன அன்று தயிர்சாதம் கட்டிக் கொடுத்ததும் கோகி. அந்த ஒற்றை விரலைப் பார்க்கப் பார்க்க இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷத்தில் இவள் வினோலியாவுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறாள்? வாதம் பண்ணச் சொல்லிக் கொடுத்தாள், அதையும் வினோ கற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் எல்லாவற்றுக்கும் ‘சரிட்டி, நீ சொல்றதுதான் சரி, தூங்கு’ என்பாள். அது தோற்றுப்போனவள் சொல்கிற சொல் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். அலுத்துப்போனவள் சொல்கிற சொல்லாகவும் இருக்கலாமே என்று இந்த ரோட்டில் வைத்துத்தான் தோன்றுகிறது, தோன்றியதை உடனே மழைக்கோட்டுக்கு அடியில் தள்ளினாள், அது மெதுவாக மறுபடியும் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

டன்க்வினில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். புல் சரிவில் மழைக்கோட்டை விரித்து, தக்காளி சாதம், உருளைக்கிழங்கு வறுவல், எல்லாம் கோகிலவாணி காலையில் ஐந்து மணிக்கு எழுந்து செய்தது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்தது என்பதைச் சொல்லாமல் சுகிர்தா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். எதிரே கடலில் தீவுகள், அதில் ஒன்று மல்லாந்து படுத்த ஓர் ஆள் மாதிரியே, நெற்றி, மூக்கு, நெஞ்சின் மேல் கட்டிய கை, தொப்பை எல்லாம். “பாருங்களே, ஒருத்தரு நிம்மதியா தூங்கறாப்ல இருக்குது” என்றாள் கோகிலவாணி. “செத்துக் கெடக்கற மாதிரி இருக்கு” என்றாள் சுகிர்தா. “ஏட்டி, சாப்பிடும்போது” என்றாள் வினோலியா. “எது மாதிரி இருக்கோ அதச் சொன்னேன். தூங்கறவன் கையை அப்படியா கட்டுவான்?” கோகிலவாணி பாத்திரத்தை மூடிவிட்டு, வினோலியாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் பார்வையை சுகிர்தா பார்த்தாள், “நான் கீழ படகுத்துறை வரைக்கும் போயி நாலு போட்டோ புடிச்சுட்டு வாரேன், வீட்டுக்காரரு கேட்டாரு” என்று எழுந்து போனாள். மலையை வெட்டி வளைத்து வளைத்து இறங்குகிற அந்தப் பாதையில் நீலத் துப்பட்டா தெரிவதும் மறைவதுமாக இருந்தது. இப்போது சொல்லப் போகிறாள். ஏற்பாடு பண்ணித்தான் போயிருக்கிறாள் அவள். வினோலியா ஒரு புல்லைப் பிடுங்கிக் கிழித்துக்கொண்டே, “சுகி, ஒரு விஷயம் சொல்லணும். நீ நடுவுல பேசாமக் கேக்கணும்” என்றாள். நடுவுல பேசாம! தீர்ப்பை வாசிக்கிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். சுகிர்தாவுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது, காற்றா வேறு எதுவுமா தெரியவில்லை, அவள் வாய் அவளுக்கு முன்னால் ஓடியது, பஸ் கூடவே ஓடுகிற மாதிரி. “வீட்டு விஷயம்தான? எனக்கு லிமெரிக்லயே வீடு கெடச்சாச்சு.” வினோலியாவின் விரலில் புல் நின்றது. “எப்ப?” “நேத்து.” “நேத்து ராத்திரி முழுக்க என் பக்கத்துலதான கெடந்த? சொல்லவே இல்ல?” “இப்பச் சொல்றேன்ல.” “நல்ல வீடா?” “ம்.” வினோலியா கடலைப் பார்த்தாள், படுத்திருந்த ஆளைப் பார்த்தாள். “அப்ப சரி” என்றாள். அவ்வளவுதான். ‘அப்ப சரி’ என்பதற்கு எத்தனை அர்த்தம் வைத்துப் பார்த்தாலும் ஒரு கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது, அந்தக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டது தன் கைதான் என்பதும் தெரிந்தது, அதனால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது, அந்தக் கோபத்தை வைக்க இடமில்லாமல் படகுத்துறையில் குனிந்து போட்டோ எடுக்கும் நீலத் துப்பட்டாவின் மேல் வைத்தாள்.

மறுபடியும் கார். மறுபடியும் “நீங்க முன்னால வாங்க சுகிர்தா, எனக்கு வளைவுல கொஞ்சம் கொமட்டுது, பின்னால கால நீட்டிக்கறேன்.” மறுபடியும் “வேண்டாங்க்கா.” குமட்டுகிறவர்களைப் பின்னால் உட்கார வைப்பார்களா யாராவது? பொய் சொல்லும்போது கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும், தன்னை மாதிரி. இடது பக்கம் மலை, கையை நீட்டினால் பாறை, வலது பக்கம் எதிரே வருகிறவர்களுக்கான அந்த ஒல்லி ரோடு, அதற்கப்புறம் முழங்கால் உயரக் கல்சுவர், அதற்கப்புறம் எதுவும் இல்லை. எதுவும் இல்லாத அந்த இடம் மிக அழகாக இருந்தது. வெள்ளையாக நுரை வந்து உடைவது தெரிகிறது, சத்தம் இத்தனை உயரத்துக்கு வருவதற்குள் அடுத்த நுரை உடைகிறது. முனையில் வெள்ளைச் சிலுவை ஒன்று தெரிய ஆரம்பித்தபோது வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து அது வந்தது. பச்சை நிறம், பெரிசு, ரோட்டை விடப் பெரிசு என்று தோன்றியது, கண்ணாடிக்குள் வரிசை வரிசையாக வெள்ளைத் தலைகள். பஸ். கேட்டது வந்துவிட்டது. ஐயோ, இப்போது வேண்டாம் என்று அவளுக்குள் ஒரு சின்னப் பெண் சொன்னாள். ஐம்பது அடியில் பஸ் நின்றது, கடல் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றது, விளக்கை இரண்டு தடவை மின்னி மின்னிக் காட்டியது. “வாரான்டி, வாரான்டி” என்றாள் வினோலியா, குரல் மெலிந்துபோய். பாளையங்கோட்டையில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் முதல்நாள் சொன்ன பாடமே அதுதான்: எதிர்ல லைட் அடிச்சான்னா அவன் வாரான், நீ ஒதுங்கிரு, உயிர் முக்கியம். ஒதுங்க இடமில்லை. பஸ் மறுபடியும் மின்னியது. “ரிவர்ஸ் எடுக்கட்டுமா கோகி?” “தெரியலீங்க... தெரியல கண்ணு, எனக்கு ஓட்டத் தெரியாதே.” கோகிலவாணி ஒரு கையால் கதவையும் ஒரு கையால் தன் தாலிக்கொடியையும் பிடித்திருந்தாள். மூன்றாவது தடவை மின்னியது. மூன்று தடவை அடித்தால் நம் ஊரில் அடுத்தது கெட்ட வார்த்தை. வினோலியா ரிவர்ஸில் போட்டாள், கார் பின்னால் நகர்ந்தது, பின்னால் வளைவு, சுகிர்தாவுக்குப் பின்கண்ணாடி முழுக்க ஆகாயம் தெரிந்தது, ரோடு தெரியவில்லை, சுவர் தெரியவில்லை, வெறும் ஆகாயம். “நிறுத்துட்டி! நான் எறங்கிப் பாக்கேன்” என்று மழைக்கோட்டுகளின் மேல் விழுந்தடித்துக் கதவைத் திறந்து இறங்கினாள். காற்று ஒரு அறை விட்டது. காரின் பின்பக்கம் போய் நின்று, கையால் டிக்கியை இரண்டு தட்டுத் தட்டி, “வா, வா, வா, மெதுவா, ஒடி, ஒடிச்சு வா, இந்தப் பக்கம் இல்ல, மலைப் பக்கம் ஒடி” என்று கத்தினாள். கத்திக்கொண்டே நினைத்தாள், இந்த ரோட்டில் இவளை எதிர்ப்பக்கமாகக் கொண்டுவந்து விட்டது நான்தான். கோகி இல்லை, நான். தெரிந்து கொண்டுவந்தேன். காரின் வலது பின்மூலை கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, வினோலியா பயந்தால் ஸ்டீரிங்கைத் தப்பான பக்கம்தான் ஒடிப்பாள், ஸ்கூட்டர் காலத்திலிருந்தே, ஸ்கூட்டரில் பின்னால் இருந்து தோளை ஒரு அழுத்து அழுத்தினால் சரியாகிவிடும், இப்போது தோளுக்கும் கைக்கும் நடுவில் இத்தனை தகரம். “போதும்! போதும்! வினோ!” என்று டிக்கியை ஓங்கி ஒரே அறை அறைந்தாள். சுவரில் லேசாக உரசிக் கார் நின்றது. சுவரின் மேல் கல் ஒன்று மெதுவாகத் திரும்பி, யோசித்து, அந்தப் பக்கமாகப் போயிற்று. விழுந்த சத்தமே கேட்கவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள், சத்தம் வரும் என்று.

பஸ்ஸிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். வெள்ளைப் புருவம், பெரிய வயிறு, அவசரமே இல்லாத நடை. சுகிர்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே போனாள். அவர் தொப்பியைத் தூக்கி, “ஏம்மா, பத்து நிமிஷமா வாங்க வாங்கன்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கேன், நீங்க பின்னாடியே போறீங்களே. என் மூஞ்சி அவ்வளவு பயங்கரமாவா இருக்கு?” என்றார், அந்த ஊர் இங்கிலீஷில், பாட்டு மாதிரி. “நீங்க எங்க கூப்பிட்டீங்க? லைட் அடிச்சு மிரட்டினீங்க!” “மிரட்டினேனா? லைட் அடிச்சா நீங்க முதல்ல வாங்க, நான் நிக்கறேன்னு அர்த்தம்.” “எங்க ஊர்ல நான் வரேன், நீ தள்ளுன்னு அர்த்தம்.” “அப்ப உங்க ஊர்ல ரெண்டு பேரும் லைட் அடிச்சா?” “பெரிய வண்டி போகும்.” அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “இங்க பெரிய வண்டிதாம்மா நிக்கும். ஒதுங்கிறதுக்கு இடம் என் பக்கம்தான இருக்கு. உங்க பக்கம் மலை.” இதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று சுகிர்தா வாயைத் திறந்தாள். நல்ல பதில்கள் எப்போதும் அவளிடம் இருக்கும். இப்போது வந்தது அவர் சொன்னதுதான். நிக்கறேன், நீங்க வாங்க. காலையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள். டன்க்வினில் மறுபடியும் பிடித்துக்கொண்டு நின்றவள். வளைவில் குமட்டுகிறது என்று பொய் சொல்லிக்கூட... ஒருவேளை பொய்யே இல்லையோ. நான் சொன்னா. நான் சொன்னா என்ன? அந்த மூன்று புள்ளிக்கு அப்புறம் என்ன? அவர் எட்டிப் பார்த்து, போன கல்லைப் பற்றி, “அது எங்க ஆடுங்க தினம் தள்ளிவிடற கல்லுதான், விடுங்க” என்று சொல்லிவிட்டு, முன்னால் போய் நின்று கையைக் காட்டினார். வினோலியா ஓட்டினாள், பஸ்ஸை ஒட்டி, அங்குல அங்குலமாக, கண்ணாடிக்குள்ளிருந்த வெள்ளைத் தலைகள் எல்லாம் கை தட்டின. பஸ்ஸைத் தாண்டி அகலமான இடத்தில் நிறுத்தியதும் கோகிலவாணி கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய் ஓரத்தில் குனிந்து தக்காளி சாதத்தை எல்லாம் வாந்தி எடுத்தாள். பொய் இல்லை. சுகிர்தா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள், முதுகைத் தடவிவிட்டாள். அந்த முதுகு சின்னதாக, சூடாக இருந்தது. “பின்னால படுத்துக்கறேனுங்க” என்றாள் கோகிலவாணி கண்ணில் தண்ணீரோடு. “நீங்க போயி அவகிட்ட உக்காருங்க. பாவம், ரொம்ப பயந்துட்டா.”

முன்சீட்டு சூடாக இருந்தது, இன்னொருவர் உட்கார்ந்து எழுந்த சூடு, ஆரஞ்சு வாசனை. இதற்குத்தானா இவ்வளவு? ரோட்டுக்குக் குறுக்கே ஓர் ஓடை பாலம் கீலம் எதுவும் இல்லாமல் அதுபாட்டுக்கு ஓடிக் கடலுக்குப் போனது, வினோலியா அதில் மெதுவாக இறக்கி ஏற்றினாள், டயரில் தண்ணீர் பிளக்கிற சத்தம். பின்னால் கோகிலவாணி கண்ணை மூடியிருந்தாள். நான்கு மணி பத்து நிமிஷம். போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது, போயிற்று. நடுவர் அவர்களே என்று ஆரம்பித்துப் பார்த்தாள், நடுவர் எழுந்து போயிருந்தார். ஒரு வாதத்தில்கூட இதுவரை ‘நான் சொன்னது தப்பு’ என்று சொல்லி முடித்ததில்லை, எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை, அந்த வாக்கியத்துக்கு எழுவாய் எங்கே நிற்கும்? “பஸ் எல்லாம் அந்தப் பக்கமாத்தான் வரும்னு எனக்குத் தெரியும்” என்று ஆரம்பித்தாள். “ரவுண்டானாலயே தெரியும். சொல்லல.” வினோலியா கியரை மாற்றினாள். “வீடும் கெடைக்கல வினோ.” சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள், கல் விழுகிற சத்தத்துக்குக் காத்திருந்த மாதிரி. “தெரியும்” என்றாள் வினோலியா. “எப்படி?” “வீடு கெடச்சிருந்தா வீட்டுக்காரனப் பத்தி ஒரு மணி நேரம் திட்டியிருப்ப. நல்ல வீடான்னு கேட்டா ‘ம்’னு சொல்றியே, ஒனக்கு எதுட்டி ‘ம்’ ஆகியிருக்கு இதுவர?” சுகிர்தா கண்ணைத் திறந்தாள். “அப்பறம் ஏன் ‘அப்ப சரி’ன்ன?” “நீ பொய் சொல்லணும்னு நெனச்சிருக்க. சரி, சொல்லிக்கோன்னு விட்டேன். எனக்கும் கோவம் வரும்ட்டி.” ஒரு வளைவைத் திருப்பிவிட்டு, “வேலையில இருக்கற ரெண்டு பேரா இருந்தாத்தான் குடுப்பேன்னு அந்தம்மா நின்னுச்சு. அதான் கோகி தன் பேரச் சொல்லி வாங்கி வெச்சா. மூணு வாரமா பேசிப் பேசி இப்பதான் அந்தம்மாவ சம்மதிக்க வெச்சிருக்கா, படிக்கற பிள்ளையா இருந்தாலும் பரவால்லன்னு. ஒனக்குத்தான் எடம் புடிச்சா. அவளுக்கு ஆஸ்பத்திரிலயே ரூம் இருக்கு, அவரு வர்ற வரைக்கும்.” “அப்ப ‘நான் சொன்னா’ன்னு...” “என்னது?” “ஒண்ணுல்ல.” “அவ சொன்னா நீ வேண்டாம்னுருவன்னு பயந்தா. காலைலருந்து ஒரு ஆரஞ்சு சுளையக்கூட வாங்க மாட்டேன்னுட்டியே, பாவி.” ஓடையும் மலையும் பின்னால் போயின. வென்ட்ரி ஊர்க் கடற்கரை தெரிந்ததும் சிக்னல் வந்தது, வினோலியா ஓரமாக நிறுத்தி, போன் பண்ணி, ஸ்பீக்கரில் போட்டாள். “ஆமாம்மா, ரெண்டாவது பேர் சுகிர்தா. எஸ், யூ, ஜி...” தன் பேர் எழுத்து எழுத்தாக இன்னொரு வீட்டுக்குள் நுழைவதை சுகிர்தா கேட்டுக்கொண்டிருந்தாள். மறுபடியும் கார் நகர்ந்தது. எதிரே ஒரு டிராக்டர் வந்தது, அதன் கிழவர் ஒரு விரலைத் தூக்கினார், வினோலியா ஒரு விரலைத் தூக்கினாள், யாரும் பார்க்காமல் சுகிர்தாவும் மடியிலேயே ஒரு விரலைத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் சரியாகிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டதுதானே? ஜன்னல் பக்கம் பார்த்தாள், சுவர், பூ, ஆடு. இந்தப் பக்கம் பார்த்தாள், வினோலியாவின் ஒரு காது, கன்னம், கழுத்து. கண் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் கண் தெரியாது என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. அப்போதுதான் வினோலியா தலையை லேசாக நிமிர்த்தி, மேலே தொங்கிய அந்தச் சதுரக் கண்ணாடியைப் பார்த்தாள், பார்த்து, உதட்டின் ஓரத்தில் மட்டும், மெதுவாகச் சிரித்தாள். பின்னால் கோகிலவாணி விழித்துக்கொண்டாள் போலிருக்கிறது. காலையிலிருந்து அந்தக் கண்ணாடியில் எத்தனை தடவை அந்தக் கண் வந்தது, வந்து நின்றது, இவள்தான் ஒவ்வொரு தடவையும் மழைக்கோட்டைப் பார்த்தாள். சுகிர்தா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடியில் வேலியும் துண்டு வானமும்தான் ஓடின. பின்சீட்டில் யார் உட்காருவது என்பதெல்லாம் ஒரு விஷயமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இது முதல் தடவை.